மைனஸ் 40-க்கு வீட்டிலேயே கட்டும் டிரெய்லர்: சுவர் எத்தனை அங்குலம், எந்த ஹீட்டர்?

வடக்குவாசி:

கனடாவில் எட்மன்டனில் இருக்கிறேன். 5க்கு 8 அடி யூட்டிலிட்டி டிரெய்லர் ஒன்று பழையதாகக் கிடைத்தது, அதன் மேல் நாலடி உயரத்துக்கு ஒரு பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். உள்ளே நிற்க முடியாது, இரண்டு பேர் படுக்கலாம், உட்கார்ந்து டீ குடிக்கலாம், அவ்வளவுதான். பிப்ரவரியில் நானும் மனைவியும் வடக்கே யெல்லோநைஃப் வரை ஓட்டிப் போய் அரோரா, அதாவது வடதுருவ வான ஒளி, பார்க்க வேண்டும் என்பது திட்டம். அந்த மாதத்தில் அங்கே அறை வாடகையைக் கேட்டால் குளிருக்கு முன்பே நடுக்கம் வந்துவிடுகிறது, அதனால்தான் இந்த வேலை. ஊரின் ஜனவரி சராசரியே மைனஸ் 25-ஐ ஒட்டி இருக்கிறது. பிப்ரவரி கொஞ்சம் பரவாயில்லை என்றாலும் மைனஸ் 40 இரவு ஒன்றிரண்டு வரும் என்று நினைத்துத்தான் கட்ட வேண்டும்.

சட்டம் 2க்கு 2 மரம், வெளியே பிளைவுட், இதுவரை வேலை முடிந்துவிட்டது. இனிமேல்தான் குழப்பம். ஃபாயில் ஒட்டிய பாலிஐசோ ஃபோம் பலகையில் அங்குலத்துக்கு ஆர் 6 என்று (வெப்பத்தைத் தடுக்கும் மதிப்பு, கூடினால் நல்லது) போட்டிருக்கிறது, பிங்க் நிற எக்ஸ்பிஎஸ் (பாலிஸ்டைரீன்) ஃபோம் பலகையில் ஆர் 5. அப்படியென்றால் பாலிஐசோ ஒரு அங்குலம் போதாதா? ஹீட்டருக்கு, கூடாரத்தில் வைப்பதற்காக வாங்கிய சின்ன புரொபேன் ஹீட்டர் கையில் இருக்கிறது. ஆனால் நண்பர் ஒருவர் 5 கிலோவாட் சீன டீசல் ஹீட்டர் மலிவாகக் கிடைக்கிறது, அதைப் போடு என்கிறார். இதெல்லாம் போக, எல்லா இடுக்கிலும் ஸ்ப்ரே ஃபோம் அடித்துக் காற்றே புகாமல் செய்துவிட்டால் உடம்புச் சூடே போதும், ஹீட்டர் பேருக்குத்தான் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நம்பலாமா? 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை இடம் மிச்சமாகட்டும் என்று முன்னால் இழுவைக் கம்பியின் மேல் ஒரு பெட்டியில் வைப்பதாக இருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பேனல்காரன்:

தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதிக் குளிர்கிடங்குகளுக்குப் பேனல் போடும் வேலையில் இருந்தேன், இப்போது வின்னிபெக்கில் அதே தொழில். வெளியே 35 டிகிரி வெயிலில் மைனஸ் 20 அறையைக் காப்பதும் வெளியே மைனஸ் 40-ல் 15 டிகிரி அறையைக் காப்பதும் ஒரே கணக்குதான், இரண்டிலும் வித்தியாசம் 55 டிகிரி. வெப்பம் போகும் திசைதான் தலைகீழ். திசை மாறுவதால் ஈரம் தடுக்கும் பாலிதீன் தாளின் இடமும் மாறுகிறது. அது எப்போதும் சூடான பக்கம் இருக்க வேண்டும். தூத்துக்குடியில் அது சுவரின் வெளிப்பக்கம், உங்களுக்கு உட்பக்கம். வெளிப்பக்கம் ஒட்டினீர்களானால் உங்கள் மூச்சில் வரும் ஈரம் ஃபோமின் இடுக்கு வழியாகப் போய் பிளைவுட்டின் உள்முகத்தில் ஐஸாக உட்கார்ந்துகொள்ளும், ஏப்ரலில் உருகும், அடுத்த வருடம் மரம் உளுத்திருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் பெட்டியின் ஆறு பக்கமும் சேர்த்து 184 சதுர அடி. உள்ளே 15, வெளியே மைனஸ் 35 என்று எடுத்துக்கொள்கிறேன். பிளைவுட்டையும் சுவரை ஒட்டிய காற்றுப் படலத்தையும் சேர்த்துப் பார்த்தால் எக்ஸ்பிஎஸ் ஒரு அங்குலத்துக்குச் சுவர் வழியாகச் சுமார் 750 வாட் போகும். இரண்டு அங்குலத்துக்கு 420. மூன்று அங்குலத்துக்கு 290. முதல் அங்குலத்திலிருந்து இரண்டாவதுக்குப் போனால் 330 வாட் மிச்சம், மூன்றாவதுக்கு வெறும் 130. அந்த 130-க்காகப் படுக்கும் அகலத்தில் இரண்டு அங்குலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். நான் இரண்டோடு நிறுத்துவேன். தரையை மறந்துவிடாதீர்கள், கீழே இரும்புச் சட்டம், அதன் அடியில் காற்று, அங்கேயும் இரண்டு அங்குலம் வேண்டும்.

பாலிஐசோ பற்றி. அந்த ஆர் 6 என்பது அறை வெப்பத்தில் அளந்த எண். குளிர ஆரம்பித்தால் அதற்குள் இருக்கும் வாயு திரவமாகத் தொடங்கும், மதிப்பு இறங்கும், மைனஸில் எக்ஸ்பிஎஸ்ஸுக்குக் கீழேயே போய்விடும். பிங்க், நீலப் பலகைகள் நேர் எதிர், குளிரில் கொஞ்சம் கூடத்தான் செய்யும். எட்மன்டனுக்கு மேலே போகிறீர்கள் என்றால் பிங்கைப் போடுங்கள்.

உங்கள் 2க்கு 2 மரங்களுக்கு இடையில் மட்டும் ஃபோமைத் திணித்தால் வேலை பாதிதான். மரம் அங்குலத்துக்கு ஆர் 1-ஐத் தாண்டும், அவ்வளவுதான், ஒவ்வொரு மரமும் நீளமாக ஒரு குளிர்க் கோடு. மரங்களுக்கு இடையில் ஒரு அங்குலம், அப்புறம் எல்லாவற்றையும் மூடி இன்னொரு அங்குலம் தொடர்ச்சியாக, அதன் மேல் தாள், அதன் மேல் மெல்லிய பிளைவுட். உள்பிளைவுட்டைப் பிடிக்க நீளமான ஸ்க்ரூவை வெளிச் சட்டம் வரை இறக்கினால் ஒவ்வொரு ஸ்க்ரூத் தலையிலும் காலையில் வெள்ளைப் பொட்டு வைத்தமாதிரி பனி உட்கார்ந்திருக்கும். அலுமினியச் சட்டம் போட்ட ஜன்னல் வாங்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த வீடியோ. தூங்கும் ஆள் ஒருவர் 75 வாட் அளவுக்கு வெப்பம் விடுவார், இரண்டு பேர் 150. இரண்டு அங்குலச் சுவருக்கு டிகிரிக்கு எட்டு வாட்டுக்கு மேல் வேண்டும். காற்றே மாறாமல் வைத்தாலும் வெளியைவிட 18 டிகிரி கூடுதலாக இருக்கும், அதாவது மைனஸ் 40 இரவில் உள்ளே மைனஸ் 22. இது வெப்பக் கணக்கு மட்டும். காற்றுக் கணக்கு இதைவிட மோசம். பெட்டியின் கொள்ளளவு நாலரை கனமீட்டர். இரண்டு பேர் தூங்கும்போது மணிக்கு 24 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார்கள். உண்மையிலேயே காற்றுப் புகாமல் சீல் செய்திருந்தால் மணிக்கு அரை சதவீதம் ஏறும், எட்டு மணி நேரத்தில் 4 சதவீதம். தொழிற்சாலைப் பாதுகாப்பில் உயிருக்கு உடனடி ஆபத்து என்று எழுதி வைத்திருக்கும் அளவே அதுதான். அடுப்பு, ஹீட்டர் எதுவும் எரியாமல், வெறும் மூச்சிலேயே இவ்வளவு.

ஆகவே சுவரை எவ்வளவு இறுக்கமாகக் கட்டினாலும் காற்றுக்கு நீங்களே ஒரு வழி வைக்க வேண்டும். மணிக்கு 25 கனமீட்டர் காற்று மாற வேண்டும் என்று வையுங்கள், அதைச் சூடாக்க 425 வாட் ஆகும். அதாவது இரண்டு அங்குலச் சுவர் வழியாகப் போகிற அளவு வெப்பம் காற்றோடும் போகும். இதைக் கேட்டதும் எல்லாருக்கும் வயிற்றெரிச்சல், துவாரத்தைத் துணி வைத்து அடைத்துவிடுவார்கள். அடைக்காதீர்கள், அந்த 425 வாட்டில்தான் உங்கள் ஈரமும் வெளியே போகிறது. இரண்டு பேர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு 80 கிராம் தண்ணீர் விடுவார்கள். மைனஸ் 30 காற்றில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, கனமீட்டருக்கு அரை கிராம்கூட வராது. அது உள்ளே வந்து சூடானால் உறிஞ்சும் தாகத்தோடு இருக்கும். 25 கனமீட்டர் மாறினால் உள்ளே ஈரப்பதம் முப்பது சதவீதத்துக்குள்ளேயே நிற்கும், சுவரில் ஒன்றும் படியாது. அதைப் பத்தாகக் குறைத்துப் பாருங்கள், அறுபதைத் தாண்டிவிடும், ஜன்னல் ஓரத்தில் ஐஸ் கட்டும். டிரெய்லரில் குளிர்காலம் கழித்தவர்கள் புலம்புவதில் முக்கால்வாசி இந்த ஈரத்தைப் பற்றித்தான்.

ஒரு துவாரம் தாழ்வாக, இன்னொன்று எதிர்மூலையில் உயரத்தில். இரண்டுக்கும் திறப்பைக் கூட்டிக் குறைக்க மூடி வேண்டும், ஆனால் முழுதாக மூடமுடியாதபடி ஒரு கட்டையை அறைந்துவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குளிரும்போது நம் புத்தியை நம்பக்கூடாது.


லொறிக்காரன்:

தம்பி, நான் எட்மன்ரனில் இருந்து யெல்லோநைஃபுக்குச் சாமான் ஏற்றி ஓடுகிறவன். லொறியில் படுக்கிறவர்களுக்கு டீசல் ஹீற்றர் புதுச்சாமான் இல்லை, வெபாஸ்ரோ, எஸ்பார் என்று கட்டிலுக்குக் கீழே பூட்டி வருடக்கணக்காகப் பாவிக்கிறோம். எரிவதற்கான காற்றை வெளியில் இருந்து எடுத்துப் புகையையும் வெளியிலேயே விடும், உள்ளே வருவது சூட்டுக்காற்று மட்டும். புரொபேனை உள்ளே திறந்தபடி எரிக்கிறதோடு இதை ஒப்பிடவே கூடாது. ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். அந்தச் சின்ன ஹீற்றரைக் குறைவாக வைத்து ஓர் இரவு எரித்தாலே ஒரு லீற்றருக்கு மேல் தண்ணீரை உங்கள் பெட்டிக்குள் ஊற்றின மாதிரி. பேனல்காரர் சொன்ன ஈரக் கணக்கெல்லாம் அதோடு சரி. அதோடு புரொபேன் மைனஸ் 42-ல்தான் கொதிக்கும். மைனஸ் 40-ல் வெளியே வைத்த சிலிண்டருக்குள் அழுத்தமே இருக்காது, சின்னச் சிலிண்டர் என்றால் வாயு வெளியேற வெளியேறத் தானே இன்னும் குளிர்ந்து அடங்கிவிடும்.

5 கிலோவாற் வாங்காதீர்கள். பேனல்காரரின் கணக்கைக் கூட்டிப் பாருங்கள், சுவருக்கு 420, கதவு இடுக்கு அது இது என்று ஒரு நூறு, காற்றுக்கு 425, அதில் உங்கள் இரண்டு பேரின் சூட்டைக் கழித்தால் 800 வாற். 2 கிலோவாற் ஹீற்றரின் ஆகக் குறைந்த ஓட்டமே கிட்டத்தட்ட அவ்வளவுதான், இரவு முழுக்க நிம்மதியாக ஓடும். பெரிய ஹீற்றரை இந்தப் பெட்டியில் பூட்டினால் அது எப்போதும் தாழ்ந்த ஓட்டத்திலேயே கிடந்து கரி பிடிக்கும், ஒருநாள் விடியப்புறம் பற்றாமல் நிற்கும். சின்னதையும் தினம் ஒருக்கால் கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டுக் கரியை எரித்துவிடுங்கள். செலவு தாழ்ந்த ஓட்டத்தில் மணித்தியாலத்துக்கு 100 மில்லிலீற்றர் டீசல், ஓர் இரவுக்கு ஒரு லீற்றர். மின்சாரம் பற்ற வைக்கும்போது சில நிமிடம் 8, 10 அம்பியர் இழுக்கும், பிறகு ஒன்றிரண்டு அம்பியர்தான்.

டீசல் எங்கே வாங்குகிறீர்கள் என்பதில் கவனம். குளிர்காலத்தில் அந்தந்த ஊர் பம்பில் அந்தந்த ஊர்க் குளிருக்கான கலவைதான் வரும். செப்டெம்பரில் வாங்கிக் கராஜில் கிடக்கிற கானில் இருப்பது கோடை டீசல், அதில் மைனஸ் 15-லேயே மெழுகு திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். ஹீற்றர் தாங்கியைக் காலியாகக் கொண்டு போய் வழியில் ஹை லெவல் என்கிற ஊரில் நிரப்புங்கள், அல்லது மண்ணெண்ணெய் ஊற்றுங்கள், இந்த ஹீற்றர்கள் அதிலும் ஓடும். தாங்கியில் இருந்து பம்புக்கு வரும் குழாய் மெல்லியது, அதை வெளியே நீளமாக ஓடவிடாதீர்கள்.

பாதை பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாமாக 1,450 கிலோமீற்றர். ஃபோர்ட் பிராவிடன்ஸ் தாண்டினால் யெல்லோநைஃபுக்கு 300-க்கும் மேல், நம்பி நிற்கிறதுக்கு ஒன்றும் இல்லை, ஆகவே அங்கே நிரப்பாமல் போகாதீர்கள். முந்தி மக்கென்சி ஆற்றைக் கடக்கப் படகும் பனிப்பாதையும்தான், இரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில் வழியே இல்லை. 2012 நவம்பரில் டே சோ பாலம் திறந்த பிறகு அந்தக் கரைச்சல் தீர்ந்தது. காட்டெருமை றோட்டில் வந்து நிற்கும், இருட்டில் அதன் கண்ணும் மின்னாது உடம்பும் தெரியாது, ஆகவே பகலில் ஓடுங்கள். இரவு நின்ற ரயர் அடியில் தட்டையாகி விறைத்திருக்கும், முதல் கொஞ்சத் தூரம் மெதுவாகப் போனால் தானே உருண்டு வரும். டிரெய்லரின் பேரிங்குக்குக் குளிருக்கான கிறீஸ் போடுங்கள். நிற்கும்போது ரயருக்கும் ஜாக்கிக்கும் அடியில் பலகை வையுங்கள், சூடான ரயர் பனியை உருக்கி அதிலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். மலிவான எக்ஸ்ரென்ஷன் கேபிள் மைனஸ் 35-ல் சுற்றெடுக்கும்போதே உடைந்துவிடும்.

பற்றரி வெளியே வேண்டவே வேண்டாம். உள்ளே வையுங்கள்.


கால்கரி கணேசன்:

பேட்டரிக்கு ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் இருந்து மைனஸ் 20 வரை கரண்ட் எடுக்கலாம், ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெட்டுப்போகும். வண்டி ஓடும்போது அதிலிருந்து சார்ஜ் ஆகும்படி வயர் இழுத்திருந்தால் சிக்கலே அப்போதுதான் வரும், ஹீட்டர் அணைந்திருக்கும், பெட்டி உறைந்திருக்கும், சார்ஜ் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். குளிரில் சார்ஜைத் தானே துண்டிக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட்) உள்ளதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஓட்டும்போது அந்த வயரைக் கழற்றி வையுங்கள்.

இன்னொன்று, எனக்கு இந்தத் திட்டத்தில் பிடிக்காதது: கட்டி முடித்ததும் நேரே 1,450 கிலோமீட்டர் வடக்கே போவது. முதலில் வீட்டு வாசலிலேயே சோதித்துவிடுங்கள். மைனஸ் 20 இரவில் உள்ளே ஒரு 500 வாட் மின்சார ஹீட்டரை வைத்துத் துவாரங்களைப் பயணத்தில் வைக்கப்போகும் அளவுக்கே திறந்துவிட்டு, யாரும் படுக்காமல், ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் உள்ளே 20 டிகிரி நின்றால் வித்தியாசம் 40, அதாவது டிகிரிக்குப் பன்னிரண்டரை வாட். மைனஸ் 40-ல் 12 டிகிரி வேண்டும் என்றால் 650 வாட் என்று கையோடு தெரிந்துவிடும். பேனல்காரர் கணக்கு நல்ல கணக்கு, ஆனால் கதவு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அவர் கணக்குக்குத் தெரியாது. அதே ராத்திரி ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவு ஓரம், மூலைகள், வயர் நுழையும் ஓட்டை என்று மெதுவாகக் காட்டிக்கொண்டு போங்கள், புகை எங்கே வளைகிறதோ அங்கே ஃபோம் அடியுங்கள். ஸ்ப்ரே ஃபோம் உறையும் குளிரில் சரியாக ஒட்டாது, ஒன்று உள்ளே சூடு இருக்கும்போது அடியுங்கள் அல்லது இந்த மாதமே முடித்துவிடுங்கள்.

அதற்கடுத்து பான்ஃபில் டனல் மவுண்டன் வில்லேஜ் 2 முகாமுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். வருடம் முழுக்கத் திறந்திருக்கும், மின் இணைப்பும் உண்டு, ஏதாவது சரிப்படவில்லை என்றால் சில நிமிடத்தில் ஊருக்குள் போய்விடலாம். வடமேற்குப் பிரதேசத்தில் பூங்கா முகாம்கள் கோடைக்குத்தான், குளிர்காலத்தில் மூடிக் கிடக்கும், எங்கே நிறுத்தலாம் என்பதையும் முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மின் இணைப்பு இருக்கிறதே என்று டீசல் ஹீட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 2024 ஜனவரி 13 மாலை ஆல்பர்ட்டாவில் எல்லார் கைப்பேசியும் அலறியது நினைவிருக்கும், மின்தடை வரலாம், உபயோகத்தைக் குறையுங்கள் என்று. மைனஸ் 40-ஐ ஒட்டிய அந்த மாதிரி இரவில்தான் கம்பத்து மின்சாரமும் தள்ளாடும்.

பேனல்காரருக்கு ஒரு கேள்வி. வெளியே போகிற சூட்டைக் கொண்டு உள்ளே வருகிற காற்றைச் சூடாக்கும் ஹெச்ஆர்வி, சின்ன அளவில் சுவரில் பதிக்கிற மாதிரி வருகிறதே, அதைப் போட்டால் அந்த 425 வாட்டில் பாதியை மிச்சம் பிடிக்கலாமே?


பேனல்காரன்:

வீட்டுக்கு நல்லது, இதற்கு வேண்டாம். மைனஸ் 10-க்குக் கீழே போனாலே அதன் நடுப்பாகத்தில் வெளியே போகும் ஈரம் உறைந்து அடைத்துக்கொள்ளும், வீட்டில் வைக்கிற பெரிய ஹெச்ஆர்விகளில் அதை உருக்கத் தனி ஏற்பாடு இருக்கிறது. சின்னதில் பெரும்பாலும் இருக்காது. அடைத்துக்கொண்டால் நீங்கள் தூங்கும்போது காற்றும் நின்றுவிடும். 200 வாட் என்பது ஓர் இரவுக்குக் கால் லிட்டர் டீசல் கூட இல்லை, அதற்காக இந்த விஷப்பரீட்சை எதற்கு.

லொறிக்காரர் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். டீசல் ஹீட்டரின் புகைக்குழாய் தொட்டால் சதை ஒட்டும் சூடு. எக்ஸ்பிஎஸ் 75 டிகிரியிலேயே இளகும், எரியவும் செய்யும். தரை வழியாகக் குழாய் இறங்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஃபோமையும் மரத்தையும் வெட்டி எடுத்துவிட்டு உலோகத் தகடு போடுங்கள். புகை வெளியேறும் வாய் பெட்டியின் ஒரு பக்கம், காற்று உள்ளே வரும் தாழ்ந்த துவாரம் எதிர்ப்பக்கம்.


ஓய்வு ஹவில்தார்:

நான் கனடா பார்த்ததில்லை. ராணுவத்தில் இருந்தபோது லடாக்கில் திராஸ் பக்கமும் அதற்கு மேலேயும் குளிர்காலம் கழித்திருக்கிறேன், இப்போது வேலூரில் இருக்கிறேன். பெட்டி கட்டும் கணக்கெல்லாம் இவர்கள் சொல்லிவிட்டார்கள், எனக்கு அது தெரியாது. உள்ளே படுக்கும் ஆளைப் பற்றி மட்டும் சொல்கிறேன் தம்பி.

எங்களுக்கு புகாரி என்று மண்ணெண்ணெய் அடுப்பு, தகரக் குழாய் கூரை வழியாக வெளியே போகும். படுக்கும்போது அதை அணைத்துவிட வேண்டும் என்பது எங்கள் யூனிட்டில் கட்டளை, யார் அணைத்தார்கள் யார் அணைக்கவில்லை என்று சென்ட்ரி சுற்றி வந்து பார்ப்பான். புதிதாக வந்த பையன்கள் முணுமுணுப்பார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவனுக்குத் தலைவலி வரும், வெளியே போவான். தூங்குகிறவன் எழுந்திருக்கவே மாட்டான். உங்கள் டீசல் ஹீட்டர் புகையை வெளியே விடுகிறது என்பது சரிதான், ஆனால் பனி பெய்து அந்த வாயை மூடினால்? குழாய் இணைப்பு ரோட்டில் ஆடி ஆடிக் கழன்றால்? கார்பன் மோனாக்சைடு வந்தால் அலறும் கருவி ஒன்றுக்கு இரண்டு வையுங்கள், தலையணை மட்டத்தில். அதுவும் வீட்டு உபயோகத்துக்கு விற்பது குளிரில் ஒழுங்காக வேலை செய்யாது, ஆர்வி எனும் முகாம் வண்டிகளுக்கென்றே வருவதைக் கேட்டு வாங்குங்கள். படுக்கும் முன் டார்ச் அடித்துப் புகைவாயைச் சுற்றிப் பனியைத் தள்ளிவிட்டுப் படுங்கள், அது உங்களுக்குச் சென்ட்ரி டியூட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹீட்டர் நின்றுபோகும் என்று நினைத்தே படுக்கையைத் தயார் செய்யுங்கள். அதாவது மைனஸ் 40-க்கான ஸ்லீப்பிங் பேக் இரண்டும் உள்ளேயே இருக்க வேண்டும், ஹீட்டர் இருக்கிறதே என்று வீட்டுக் கம்பளியோடு போகக் கூடாது. பகலில் போட்டிருந்த பனியன், சாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் காய்ந்ததை மாட்டிக்கொண்டு படுங்கள். பருத்தி வேர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உங்களைக் குளிரவைக்கும், கம்பளி நல்லது. குளிருகிறது என்று பைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சு விடாதீர்கள், மூக்குக்கு மட்டும் இடம் விட்டுத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மூச்சு ஈரமெல்லாம் பைக்குள்ளேயே தங்கி இரண்டு மூன்று நாளில் அது சூடே தராது. மெத்தைக்கும் தரைக்கும் இடையில் ஈரத்தை உறிஞ்சாத ஒரு ஃபோம் பாய். இறுக்கமாக மூடும் குடுவையில் வெந்நீர் ஊற்றிக் கால்மாட்டில் வைத்துக்கொண்டால் காலையில் குடிக்கத் தண்ணீரும் உறையாமல் இருக்கும். ராத்திரி ஒன்றுக்குப் போக வெளியே இறங்கும் வேலை வேண்டாம், அதற்குத் தனிப் பாட்டில், இருட்டில் தடவினாலே வித்தியாசம் தெரிகிற மாதிரி.

உங்கள் மனைவிக்கும் ஹீட்டரை அணைக்கவும் கதவைத் திறக்கவும் கருவியின் சத்தம் எப்படி இருக்கும் என்றும் தெரிந்திருக்கட்டும். எல்லாம் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது.


வடக்குவாசி:

எல்லாருக்கும் நன்றி, குறிப்பாக ஹவில்தார் ஐயாவுக்கு. உங்கள் பதிலை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன், இரண்டு பேரும் சேர்ந்து சோதித்த பிறகுதான் பயணம் என்று சொல்லிவிட்டாள். பிங்க் பலகைக்கு மாறிவிட்டேன், மரத்துக்கு இடையில் ஒன்று, மேலே ஒன்று, தரையில் இரண்டு. புரொபேன் ஹீட்டர் கோடைக் கூடாரத்துக்கே திரும்பிப் போகட்டும், 2 கிலோவாட் டீசல் வாங்குகிறேன். பேட்டரி உள்ளே, காலடியில். டிசம்பரில் வாசலில் 500 வாட் சோதனை, அப்புறம் பான்ஃப்.

இன்னும் ஒரு விஷயம் மட்டும் தெளிவாகவில்லை. கதவு. இப்போது பக்கவாட்டில் ஒரே ஒரு கதவு, 24க்கு 36 அங்குலம், வெளிப்பக்கம் திறக்கும்படி, சுற்றிலும் ரப்பர். பூட்டு சாதாரண வீட்டுப் பூட்டு. பனி அடித்துக் குவிந்தால் திறக்குமா? உள்பக்கம் திறக்கும்படி மாற்றினால் படுக்கை இடிக்கிறது.


லொறிக்காரன்:

வெளிப்பக்கமே இருக்கட்டும் தம்பி, உள்பக்கம் திறக்கிற கதவு காற்றில் ஒழுங்காக இறுகாது. ஆனால் ஒரே கதவு காணாது. கதவுப் பக்கம்தான் பனி குவியும் என்று இல்லை, நெருப்பு பற்றினால் அது கதவுக்கும் உங்களுக்கும் நடுவில்தான் பற்றும், ஹீற்றர் அங்கேதானே இருக்கிறது. கூரையிலோ தலைமாட்டிலோ ஆள் நுழைகிற அளவுக்கு இன்னொரு திறப்பு வையுங்கள். அதையும் இரண்டு அங்குலப் பிங்க் பலகையை வைத்து மூடி, உள்ளே இருந்து கையால் தள்ளித் திறக்கிற கொளுக்கி போட்டால் போதும், சாவியோ ஸ்க்ரூ டிரைவரோ தேவைப்படக் கூடாது.

வீட்டுப் பூட்டைக் கழற்றுங்கள். உள்ளே இருந்து வரும் ஈரம் பூட்டுக்குள் போய் உறைந்தால் கைப்பிடி திரும்பவே திரும்பாது. குளிர்கிடங்குக் கதவில் பூட்டுகிற நெம்பு கைப்பிடி இருக்கிறதே, பேனல்காரரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும், அது உள்ளே இருந்து தள்ளினால் ஐஸையும் உடைத்துக்கொண்டு திறக்கும். ரப்பருக்கு சிலிகோன் கிறீஸ் மெல்லிசாகப் பூசிவிடுங்கள், எண்ணெய் வேண்டாம், ரப்பரை ஊதவைக்கும். நிறுத்தும்போது கதவு காற்றடிக்கிற பக்கமும் வேண்டாம், நேர் எதிர்ப்பக்கமும் வேண்டாம், எதிர்ப்பக்கத்தில்தான் பனி சுழன்று குவியும். காற்று பக்கவாட்டில் உரசிப் போகிற மாதிரி நிறுத்துங்கள். சின்ன மண்வெட்டி ஒன்றை உள்ளே வையுங்கள், வண்டியில் இல்லை.


பேனல்காரன்:

ஆமாம், கிடங்குகளில் உள்ளே ஆள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அந்தக் கைப்பிடியில் உள்பக்கத் தள்ளுகோல் வரும், வெளியே பூட்டியிருந்தாலும் உள்ளிருந்து திறக்கும். சின்ன அளவிலும் கிடைக்கிறது, குளிர்சாதன உதிரிபாகக் கடைகளில் வாக்-இன் கூலர் கதவுக்கான லாட்ச் என்று கேளுங்கள். வாங்கும் முன் உங்கள் கதவின் மொத்தத் தடிமனை அளந்துகொண்டு போங்கள், தள்ளுகோலின் நீளம் அதற்குத் தகுந்த மாதிரி மாறும்.